மந்திரவாதிக்குச் சேவல் கொடுத்தவன் நான்

முதல் கொட்டகையைப் பனையோலையில் கட்டினேன். ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவதைத் தென்னங்கீற்றில் கட்டினேன். கூரையைக் காற்று விட்டுவைத்தது, உள்ளே இருந்த கோழிகளை வெள்ளைக்கழிச்சல் நோய் கொண்டுபோனது. மூன்றாவதை ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக் கட்டினேன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் வரிசையாக நிற்பவையும் நான் கட்டியவைதான். பாறையைத் தவிர ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்ன காட்டில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். சின்ன வயதில் எடப்பாடியில் விசைத்தறி ஓட்டியபோது கைக்கு வந்த வித்தையை வைத்து, மெக்கானிக் கைவிட்ட மக்காச்சோள அரவை இயந்திரத்தை ஓடவைத்துத் தீவன ஆலை நடத்தினேன். ஊருக்குள் வரும் தார் ரோடு என் நச்சரிப்பு தாங்காமல் வந்தது. ரோட்டோரம் மாடி வீடு கட்டினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி.

இந்த வரிசையில் கடைசியாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு மந்திரவாதி.

என் மருமகள் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். காலம் விட்டுக் காலம் தாவுகிற ஒரு மந்திரவாதியைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் போன வருஷம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள். படம் போட்டவருக்கு நன்றி, அச்சுப் போட்டவருக்கு நன்றி, கூடப் படித்த தோழிக்கு நன்றி, மடியில் படுத்திருந்த பூனைக்கு நன்றி. பிறகு, 'வீட்டுப் பெரியவர்களின் பொறுமைக்கு நன்றி.'

பொறுமை! என்னை அறிந்தவர்கள் யாராவது என்மேல் இப்படி ஒரு பழி சொல்லியதுண்டா? பொறுமையாக இருந்திருந்தால் நான் இன்னும் ஓலைக் கொட்டகையில்தான் இருந்திருப்பேன். இப்போது புத்தகம் இரண்டாம் முறை அச்சுக்குப் போகிறது. திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கடைப் பெண்ணிடம் கொடுத்து அச்சடித்தேன். எழுத்துப் பிழையை மட்டும்தான் அவள் தொட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் தின்பண்டம் தின்கிற நேரத்தில், மருமகள் தான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். நான் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அவள் படித்தது இந்தக் கதை. ஏதோ ஒரு ராஜா காலத்து மந்திரவாதி. முழங்கால் வரைக்கும் தாடி. ஞாபக மறதிக்காரன். நேற்றைக்குப் போக நினைத்து நாலு தலைமுறை தள்ளிப்போய் விழுவான். திரும்பிப் போக வேண்டுமென்றால், விடியலில் முதல் சேவல் கூவுகிற நேரத்தில் மந்திரம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவன் நம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வந்து விழுகிறான். அத்தனை கோழிகளைப் பார்த்ததும் கவலை தீர்ந்தது என்று படுத்துவிடுகிறான். விடிகிறது, சேவல் கூவுகிறது, மந்திரம் சொல்கிறான், போய்விடுகிறான். கதை முடிந்தது.

நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

"எந்தப் பண்ணையில அம்மணி சேவல் கூவுது?"

"நம்ம பண்ணை மாதிரி ஒரு பண்ணைன்னு வச்சுக்குங்க மாமா."

"நம்ம பண்ணையில சேவலக் கண்டியா நீயி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அத்தனை கோழி இருக்கே மாமா, ஒண்ணு ரெண்டு இருக்காதா?"

இந்த வீட்டுச் சோற்றில் பாதி முட்டை. இவள் புருஷன், என் மகன், நாள் தவறாமல் முட்டை லாரி ஏற்றுகிறான். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அத்தனை கொட்டகையும் கண்ணுக்குத் தெரியும். ஒருநாள்கூட ஒரு கூவல் கேட்கவில்லையே என்று இவளுக்குத் தோன்றவில்லையா? கேட்டேன்.

"நீங்க எங்க மாமா என்னை உள்ள விட்டீங்க? காலை மருந்துல நனை, தலையை மூடு, வெளியாளு வராதேன்னு கேட்லயே நிறுத்திடுவீங்க. எங்க அப்பா வீட்டுல மரவள்ளிதான். மரவள்ளி கூவாது. எனக்கு எப்படித் தெரியும்?"

ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வாய்க்குக் குறைச்சலில்லை.

விளக்கிச் சொன்னேன். முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சேவல் எதற்கு? சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும், குஞ்சுதான் பொரிக்காது. பொரிப்பகத்திலேயே பெட்டை வேறு சேவல் வேறு என்று பிரித்துவிடுவார்கள். நமக்கு வருவதெல்லாம் பெட்டைக் குஞ்சு. இந்த ஜில்லாவில் உன் மந்திரவாதி எந்தப் பண்ணையில் விழுந்தாலும் சுற்றிலும் பெட்டைதான், கூவ ஒன்றும் இருக்காது.

பேத்தியின் கையில் முறுக்கு அப்படியே நின்றுவிட்டது. "அப்ப மந்திரவாதி ஊட்டுக்கே போக முடியாதுங்களா அப்பாரு?"

"செத்தான் உன்ற மந்திரவாதி" என்றேன்.

மருமகள் தாள்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அழுதாள் என்று என் மனைவி சொன்னாள். அழவில்லை என்று மருமகள் சொல்கிறாள். அதுவல்ல பேச்சு. அத்தனை கோழிக்கு நடுவில் ஒரு சேவலுக்காக மந்திரவாதி அலைவதுதானே இன்றைக்கு அந்தப் புத்தகத்தின் கதை? அந்த யோசனை யாருடையது? "நீங்க சேவல் இல்லைன்னுதான் சொன்னீங்க மாமா, தேடட்டும்னு சொன்னது நானு" என்கிறாள். போர் போட்டவன் ஒருத்தன், குடத்தை வைத்துப் பிடித்தவன் ஒருத்தன். தண்ணீர் யாருடையது?

அதற்குப் பிறகு அவள் நாள்தோறும் புதிதாக எழுதி வந்து படித்தாள். மந்திரவாதி பண்ணை பண்ணையாகப் போகிறான். "ஐயா, ஒரு சேவல் கிடைக்குமா?" என்று கேட்கிறான். எல்லோரும், "சேவலா? முட்டை வேண்டுமானால் ஓர் அட்டை கொண்டுபோ" என்கிறார்கள். கடைசியில் அவன் தலைக்குமேல் அட்டை அட்டையாக முட்டை நிற்கிறது, சேவல்தான் கிடைக்கவில்லை. பேத்தி நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்து சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் கிறுக்கன் வெறுங்காலோடு கொட்டகைக்குள் நுழைகிறான்!

"காலை மருந்துத் தொட்டியில நனைக்காம எவனும் உள்ள வரப்படாது. எழுது" என்றேன்.

"அவரு நடந்து வரலை மாமா. பறந்து வராரு."

"காக்காயும்தான் பறந்து வருது. அதுக்குத்தான சுத்தீலும் வலை கட்டிருக்குது? வலையத் தாண்டி எப்படி வந்தான்?"

"மந்திரவாதி மாமா அவரு."

"மந்திரவாதிக்கு ஒரு வலை, காக்காய்க்கு ஒரு வலைன்னு நான் கட்டல அம்மணி. ஒரே வலதான்."

அவள் பேனாவை மேஜையில் போட்டாள். "இப்படி ஒவ்வொண்ணுக்கும் மறிச்சீங்கன்னா நான் கதை எழுதுறதா, பண்ணை நடத்துறதா?" அடுக்களையிலிருந்து என் மனைவி, "அவரு முதலிரவுலயே தீவனக் கணக்குப் பேசுன ஆளு. நீ எழுது சாமி" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுவாரம் பார்த்தால் மந்திரவாதி வலையில் சிக்கித் தலைகீழாகத் தொங்குகிறான். தாடி வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. கீழே வழுக்கைத் தலையோடு ஒரு பண்ணைக்காரன் நின்று, "கால நனைச்சுட்டுத் தொங்குடா!" என்று கத்துகிறான். புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் படம். எல்லாப் பிள்ளைகளும் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். வலை யாருடையது என்று நான் கேட்கவே வேண்டாம்.

ஆனால் முடிவு அவளுக்கு வரவில்லை. சேவல் கிடைத்துவிட்டால் மந்திரவாதி உடனே போய்விடுவான், கதை சப்பென்று போகும். கிடைக்காவிட்டால் பிள்ளைகள் அழுவார்கள். "வேற என்னாதான் மாமா செய்யுறது?" என்று ஒருநாள் அவளாகவே என்னிடம் கேட்டாள். கேட்டதற்கு என் மனைவி சாட்சி. சேவல் நிஜத்தில் என்ன செய்யும் என்று பார்க்காமல் உட்கார்ந்து எழுதினால் எப்படி வரும்? அடுத்த சந்தைக்கு மல்லசமுத்திரம் போனேன், ஒரு நாட்டுச் சேவலோடு திரும்பி வந்தேன். செவலை நிறம், நல்ல கொண்டை.

வாசலிலேயே மகன் மறித்தான்.

"என்னங்கப்பா இது?"

"சேவல்."

"சேவல்னு தெரியுது. கேட்டுல என்ன போர்டு மாட்டிருக்குது? நாட்டுக்கோழி வளக்கறவங்க உள்ள வரப்படாதுன்னு எழுதிவெச்சது யாருங்க?"

"நான்தான். அது பண்ணைக் கேட்டு. இது ஊடு."

"நோவு கேட்டப் பாத்துட்டா வருது? வேலைக்காரங்க ஒரு பெட்டை வளத்துனாலே ஊரக் கூட்டுவீங்க. இப்ப நீங்களே கக்கத்துல இடுக்கிட்டு வாரீங்க!"

அவன் சொன்னது சரிதான். அந்தச் சரியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் மருமகள் கதைக்காகச் சேவல் வாங்கினேன் என்று மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. "மலைக்கோயில் முருகனுக்கு நேந்துக்கிட்டது. கொண்டுபோய் உடற வரைக்கும் மொட்டை மாடியில கெடக்கட்டும்" என்றேன். சாமிக்கு நேர்ந்த சேவலை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவன் வழிவிட்டான். அதோடு, மாடிக்குப் போனவர் யாரும் குளித்து உடுப்பு மாற்றாமல் பண்ணைப் பக்கம் வரக்கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டான்.

என் மனைவி மட்டும் விடவில்லை. "ஒரு கொழம்புக்குக் கோழி வளக்க உட்டீங்களா என்னைய? இப்பக் கதைக்குச் சேவலா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகள், பேத்தி, நான் மூவரும் மாடியில் நின்றோம். பொழுது இறங்கிவிட்டது. சேவல் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அப்போது கொட்டகைகளில் விளக்கு எரிந்தது. கோழிக்குப் பகல் நீளமாக இருந்தால்தான் முட்டை நிற்காமல் வரும். அதனால் பொழுது விழுந்த பிறகும், விடிவதற்கு முன்னாலும் விளக்குப் போடுவோம். எல்லாம் டைமர். அந்த டைமரை இந்தப் பக்கத்தில் முதலில் வாங்கிப் போட்டவன் நான்தான்.

விளக்கு எரிந்ததும் சேவல் தலையைத் தூக்கியது. கிழக்கைத் தேடியது. பிறகு சுவர்மேல் ஏறி நின்று கூவியது பாருங்கள், ரோட்டில் போன பால்காரன் வண்டியை நிறுத்தி மேலே பார்த்தான்.

அந்த நேரத்தில் கரண்டு போனது. சேவல் திகைத்து உட்கார்ந்துவிட்டது. என் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. விளக்கு மறுபடி எரிந்தது. சேவல் மறுபடி எழுந்து மறுபடி விடியலை அறிவித்தது. கரண்டு வந்து ஜெனரேட்டர் அணைகிற இடைவெளியில் இன்னொரு இருட்டு, இன்னொரு விடியல். பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருமகள் சிரிக்கவில்லை. கொட்டகை விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இது பொய் விடியல். இதுல மந்திரம் சொன்னா மந்திரவாதி எங்க போவாரு?"

"பொய்யான காலத்துக்குத்தான் போவான்" என்றேன்.

இதை நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். மாடியில் நின்று சொன்னேன்.

அவ்வளவுதான், கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. மந்திரவாதிக்கு ஒருவழியாகச் சந்தையில் ஒரு நாட்டுச் சேவல் கிடைக்கிறது, ஆனால் டைமர் விளக்கு எரியும்போதெல்லாம் அது கூவுகிறது. மந்திரவாதி அவசரப்பட்டு மந்திரம் சொல்கிறான். சொல்லும்போதெல்லாம் தப்பான காலத்தில் போய் விழுகிறான். ஒருமுறை தன் ராஜா தொட்டிலில் கிடக்கிற காலத்துக்குப் போய், ராஜாவுக்குத் தாலாட்டுப் பாடுகிறான். ஒருமுறை நாளைக்குப் போய்விட்டு, இன்றைய சாப்பாட்டைத் தவறவிடுகிறான். ஒருமுறை தானே இன்னும் வந்து சேராத நேரத்தில் வலையருகே வந்து நின்று, தான் வந்து சிக்குவதைத் தானே பார்க்கிறான். இந்த ஓட்டத்தைத்தான் பத்திரிகையில் 'அபாரமான கற்பனை' என்று எழுதினார்கள். கற்பனையா? டைமர்!

சேவல் கதையையும் முடித்துவிடுகிறேன். வேலை முடிந்தது, சந்தையிலேயே விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "முருகனுக்குன்னு வாயில சொன்னீங்களா இல்லையா? சொன்னா சொன்னதுதானுங்க. நீங்களே தூக்கிட்டு மலையேறி உட்டுட்டு வரோணும்." ஏறினேன். வழிநெடுக அது என் சட்டையில் எச்சம் போட்டது. மேலே கொண்டுபோய் விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் மருமகள் மாதிரிதான்.

பிறகு புத்தகம் வந்தது. வாங்கியதும் முடிவைத்தான் முதலில் படித்தேன். பெரிய மழை, கரண்டு போகிறது. பண்ணைக்காரனின் ஜெனரேட்டர் புகையைக் கக்கி நின்றுவிடுகிறது. கொட்டகை எல்லாம் இருட்டு. பண்ணைக்காரன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறான். அந்த இருட்டு முடிந்து நிஜமான விடியல் வருகிறது. சேவல் நிஜமாகக் கூவுகிறது. மந்திரவாதி ஊர் போய்ச் சேருகிறான்.

"என்ற ஜெனரேட்டர் என்னிக்கு அம்மணி நின்னுது?" என்று கேட்டேன்.

"கதை மாமா."

"கதையிலயும் நிக்காது!"

அதோடு விட்டிருப்பேன். ஆனால் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மருமகளை மேடையேற்றிப் பாராட்டினார்கள். முன்வரிசையில் வேட்டியை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "இந்த யோசனை எல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வீட்டிலிருந்துதான்" என்றாள்.

வீடு! வீடு பேசுமா? அந்த வீட்டைக் கட்டியவனும் நான்தானே?

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். "பூனைக்கு நன்றி போட்டிருக்கற. நான் அந்தப் பூனைக்குக் கீழயா?"

மகன் மெல்ல நழுவப் பார்த்தான். அவனையும் உட்காரச் சொன்னேன்.

மருமகள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "போடணும்னுதான் எழுதினேன் மாமா. அப்புறம் நானே அடிச்சிட்டேன். சேவலும் வலையும் எங்க மாமா சொன்னதுன்னு போட்டா, அந்தக் கத்துற வழுக்கைப் பண்ணைக்காரர் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அது எனக்கு ஒப்பலை."

அந்தப் பண்ணைக்காரன் நான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. யாரோ ஒரு கோபக்காரன், நல்ல நிர்வாகி என்றுதான் நினைத்திருந்தேன்.

"இத்தன நாளா தெரியலீங்களாப்பா?" என்றான் மகன். அடுக்களையில் பாத்திரம் விழுகிற மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம்.

இரண்டு நாள் யோசித்தேன். இதற்கு நடுவில் பேத்தியோடு படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு பொடிசு முன்னால் வந்து, "தாத்தா, ஒருக்கா அதைச் சொல்லுங்க" என்றது. எதைச் சொல்வது? "கால நனைச்சுட்டுத் தொங்குடா!" இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில், "செருப்பைக் கழட்டாம ஊட்டுக்குள்ள வந்தது எவன்டா?" என்று கத்தினேன். அத்தனை பிள்ளைகளும் கைதட்டினார்கள். என்ன செய்வது இவர்களை?

ஆகவே ஊர் சிரிக்கும் என்ற பேச்சு இனி எடுபடாது. ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. சிரிக்கிற வாய்க்கு விஷயமும் தெரியட்டும். பண்ணை மகன் பெயரில் இருக்கிறது. தீவன ஆலை சாமி பெயரில் இருக்கிறது. கோயில் முகப்பில் என் அப்பா பெயரைப் போட்டேன். எனக்கென்று எங்கேயும் ஒரு வரி நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பொறுமை என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். பூனை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எனக்குக் கீழே இருக்க வேண்டும். பதிப்பகத்தாருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வாசகத்தையும் நானே எழுதிக் கொடுக்கிறேன். இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சடிக்க வேண்டும்:

'சேவல், வலை, டைமர் மூன்றும் என் மாமனார் கொடுத்தவை. ஜெனரேட்டர் நின்றது மட்டும் என் கற்பனை.'